பழைய லைசென்ஸ், புது வீடு, 4473 படிவம்

டெக்சாஸ் மாநிலத்தில் இர்விங்கிலிருந்து கேட்டிக்கு வீடு மாறி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. பாதிப் பெட்டிகளை இன்னும் பிரிக்கவே இல்லை. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை காலை ஷாட்கன் வாங்கக் கிளம்பிவிட்டேன். டாலஸ் பக்கம் இருந்த இரண்டு வருடமும் வாடகைத் துப்பாக்கியில்தான் தட்டு சுட்டுப் பழகினேன். ஆரஞ்சு நிறத் தட்டு விர்ரென்று பறக்கும். சரியாகப் பட்டால் வானத்திலேயே பொடிப்பொடியாக உதிரும். அதற்காகவே வாரம் முழுக்கக் காத்திருப்பேன். சொந்தமாக ஒரு 12 கேஜ் ஷாட்கன் வாங்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தேன்.

எது வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருந்ததால் கடையில் தேர்ந்தெடுக்க நேரம் ஆகவில்லை. அடுத்து 4473 படிவம். அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்கும் யாரும் இதை நிரப்பியாக வேண்டும். பத்தாவது கேள்வி, இப்போது குடியிருக்கும் முகவரி. தபால் பெட்டி எண் செல்லாது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரும் வேண்டும், நகர எல்லைக்குள் இருக்கிறீர்களா என்றும் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு முகவரியில் கேட்டி என்று இருந்தாலும் வீடு கேட்டி நகர எல்லைக்குள் இல்லை; ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில், எந்த நகராட்சியிலும் சேராத பகுதி. அதை யோசித்து 'இல்லை' என்று குறித்தேன். கிரீன் கார்டுக்காரன் என்பதால் குடியேற்றத் துறை தந்த ஏ-நம்பரையும் எழுதினேன்.

கவுண்டரில் இருந்த இளைஞர் என் டிரைவிங் லைசென்ஸையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லைசென்ஸில் இர்விங், படிவத்தில் கேட்டி. டெக்சாஸில் வீடு மாறினால் 30 நாளுக்குள் லைசென்ஸில் முகவரியை மாற்ற வேண்டும். நான் அப்பாயின்ட்மென்ட் போட்டிருந்தேன், தேதிதான் இன்னும் வரவில்லை. போனைத் திறந்து மின்சார பில்லைக் காட்டினேன். இன்டர்நெட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், வீடு வாங்கியபோது கையெழுத்துப் போட்ட காகிதங்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தார். "லைசென்ஸை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வேறு வழி இருக்கிறதா என்று அவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கா திரும்பி வந்தீங்க? லைசென்ஸ்ல என்ன அட்ரஸ் இருக்கோ அதையே எழுதிட்டா வேலை முடிஞ்சுது. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார். நல்ல மனிதர், உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் இந்த ஒரு யோசனையை மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்று நினைக்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

லைசென்ஸில் பழைய முகவரி இருப்பதால் மட்டும் துப்பாக்கி வாங்கும் உரிமை போய்விடாது, அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அந்தப் படிவத்தில் தெரிந்தே பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது ஃபெடரல் குற்றம், சிறை வரை போகும். கிரீன் கார்டில் இருப்பவனுக்கு அதற்குமேல் என்னென்ன சிக்கல் வரும் என்று சொல்லவே வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள், அந்த முகவரி எதற்கு என்று தெரிந்த பிறகு எனக்குப் பொய் எழுத மனமே வராது. இங்கே எல்லாத் துப்பாக்கிகளையும் பதிந்து வைத்த மையப் பட்டியல் கிடையாது. நிரப்பிய படிவம் அரசாங்கத்துக்குப் போவதில்லை, கடையிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் 20 வருடம் வைத்திருந்தால் போதும். 2022 ஆகஸ்டிலிருந்து கடை நடக்கும் காலம் முழுக்க வைத்திருக்க வேண்டும். நாளைக்கு என் துப்பாக்கி திருடுபோய், ஏதாவது ஒரு குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில், துப்பாக்கி விற்பனையைக் கண்காணிக்கும் ஃபெடரல் துறையான ஏடிஎஃப்-இன் தடமறியும் மையம் இருக்கிறது. அங்கிருந்து தயாரித்த கம்பெனியைக் கேட்பார்கள், அப்புறம் மொத்த வியாபாரி, அப்புறம் கடை. கடைசியில் வந்து நிற்பது நான் எழுதிய அந்தப் பத்தாவது வரியில். அதில் இர்விங் இருந்தால் போலீஸ் போய்க் கதவைத் தட்டுவது இப்போது அங்கே குடியிருக்கும், என்னை யாரென்றே தெரியாத குடும்பத்தின் வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு வரும் குறிப்புகளை முழுசாகப் படித்தேன். கடைக்காரர் நிரப்பும் பகுதியில் 26-ஏ என்பது அடையாள அட்டைக்கு. அதற்குக் கீழே 26-பி என்று ஒரு கட்டம். அட்டையில் இப்போதைய முகவரி இல்லையென்றால், அது இருக்கும் வேறொரு அரசு ஆவணத்தின் விவரத்தை அங்கே குறிக்கலாம். 'அரசு' என்பதுதான் முக்கியம். மின்சாரமும் இன்டர்நெட்டும் எனக்குத் தருவது தனியார் கம்பெனிகள். பேங்கும் அப்படித்தான். அந்த இளைஞர் அவற்றை மறுத்தது சரிதான்.

சொத்து வரி ரசீது செல்லும், ஆனால் எனக்கு அது அக்டோபர் வாக்கில்தான் வரும். அதுவரை கவுண்டிப் பதிவில் பழைய உரிமையாளர் பெயரே இருந்தது. வாக்காளர் அட்டை குடியுரிமை பெற்றவர்களுக்கு. எனக்கு மிச்சம் இருந்தது வண்டியின் பதிவு. டெக்சாஸில் வண்டிப் பதிவைப் பார்த்துக்கொள்வது கவுண்டி வரி அலுவலகம். புதன்கிழமை மதியம் அங்கே போய் இரண்டு வண்டிக்கும் முகவரியை மாற்றிப் புது ரசீது வாங்கினேன்.

காரில் வந்து உட்கார்ந்து ரசீதுகளைப் படித்துப் பார்த்தால் பழைய கேம்ரியின் ரசீதில் என் பெயர் தலைகீழாக இருந்தது. அப்பா பெயர் முதலில், என் பெயர் கடைசியில். எட்டு வருடத்துக்கு முன் கார் விற்றவர்கள் டைப் செய்தது அப்படியே நிற்கிறது. இத்தனை வருடம் நான் கவனிக்கவே இல்லை. அப்பா பெயரையே கடைசிப் பெயராக வைத்திருக்கும் நம் ஆட்கள் இதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வேன் ரசீதில் லைசென்ஸில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வேன் ரசீதோடு அதே கடைக்குப் போனேன். இந்த முறை மேனேஜரே வந்தார். லைசென்ஸ், ரசீது இரண்டிலும் பெயர் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு 26-பி கட்டத்தில் எழுதிக்கொண்டார். குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவம் வழியாக 10 நாளுக்குள் முகவரி மாற்றம் தெரிவித்திருந்தேன், அந்தப் பிரின்ட்டையும் நீட்டினேன். வேண்டாம், இதுவே போதும் என்றார். வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தாலும் ஆகியிருக்குமாம். அதை வைத்து வாங்குகிறவர்கள் நிறையப் பேராம்.

வேறு மாநிலத்திலிருந்து மாறி வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கைத்துப்பாக்கியை நாம் குடியிருக்கும் மாநிலத்துக் கடையில்தான் வாங்கிக்கொள்ள முடியும். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கதையே வேறு. வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு எதுவும் இல்லையென்றால் வாங்கவே முடியாது.

துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியைப் பார்க்கும் எஃப்பிஐ சோதனையில் எனக்கு 'தாமதம்' என்று பதில் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, மூன்று வேலை நாள் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். செவ்வாய் மதியமே அனுமதி வந்துவிட்டதாகப் போன் வந்தது. மாலை போனபோது அதே படிவத்தை மறுபடி என் முன்னால் வைத்தார்கள். முதலில் கையெழுத்துப் போட்ட நாளும் துப்பாக்கியைத் தரும் நாளும் வேறாக இருந்தால், எழுதியது எல்லாம் இன்றைக்கும் உண்மைதான் என்று இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். பத்தாவது வரிக்குப் போய், வீட்டு எண்ணிலிருந்து ஜிப் கோடு வரை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் பெட்டிகளைப் பிரிக்காவிட்டாலும், துப்பாக்கிப் பெட்டகத்தை முன்பே சுவரோடு சேர்த்து போல்ட் போட்டு வைத்திருந்தேன். அதில் வைத்துப் பூட்டி, சீரியல் எண்ணை ஒரு தாளில் குறித்து வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைத்தேன்.