பனி விழும் முன் வீட்டைக் கவனிப்போம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜூன் மாதக் குளிர் பெரிய பொருட்டல்ல. டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்து ஊர்களில் இருப்பவர்களோ மே மாதத்திலேயே வீட்டைக் கவனிக்கத் தொடங்கிவிட வேண்டும். குளிர்காலம் முடிந்துவிட்டதென்று பலரும் எண்ணியிருந்த 2024 செப்டம்பரில் பெய்த கடும்பனி, வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் என்3 நெடுஞ்சாலையையே முடக்கிவிட்டது.

முதல் வேலை தண்ணீர்க் குழாய்கள். உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால், வெளிச்சுவரை ஒட்டியும் கூரைக்கு அடியில் கீசரிலிருந்தும் செல்லும் குழாய்கள் வெடிக்கக்கூடும். அவற்றுக்கு நுரைப்பஞ்சு உறை போட்டுவிடுங்கள். தகரக் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே வெப்பக்காப்புப் போர்வை விரிப்பது செலவுதான், ஆயினும் ஹீட்டரை விட அதையே நான் முதலில் வாங்கச் சொல்வேன்.

கதவிடுக்குகளை அடைக்கலாம், ஆனால் எரிவாயு ஹீட்டர் உள்ள அறையின் காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். கரித் தணல் சட்டியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம் என்று பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உறங்குபவர் விழிக்காமலேயே உயிர் போய்விடும்.