மாய்தோ மலையில் நீராவி அளந்தோம்: சிலிண்டர் படுத்திய பாடு

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவிலிருந்து நீராவி அளக்கும் பலூன் விட நினைப்பவர்கள், பலூனைப் பற்றி யோசிக்கும் முன் ஆர்-23 என்ற குளிர்விப்பு வாயுவின் சிலிண்டரைப் பற்றி யோசியுங்கள். பலூனில் தொங்கி வானிலையை அளந்து அனுப்பும் ரேடியோசோண்டிலுள்ள வழக்கமான ஈரப்பத உணரி கீழ்க்காற்றுக்குப் போதும். 17 கிலோமீட்டருக்கு மேலே, பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு நான்கைந்து மட்டுமே நீராவியாக இருக்கும் கடுங்குளிரில், அது மந்தமாகிவிடும். அதனால்தான், குளிர்வித்த சிறு கண்ணாடியின்மேல் படியும் உறைபனி கூடாமலும் குறையாமலும் நிற்கும் வெப்பநிலையைக் கொண்டு நீராவியைக் கணக்கிடும் உறைபனிமானியையும் சேர்த்துக் கட்டுகிறோம். அந்தக் குளிருக்கு மைனஸ் 82 டிகிரியில் கொதிக்கும் ஆர்-23 திரவம் வேண்டும்.

கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்கக்கூடிய அந்த வாயுவைப் பற்றிக் கேள்வி கேட்பது நியாயமே. ஆனால் சரக்கு முகப்பில் இருந்தவர் யூஎன் 1984 என்ற குறியைத் தயாரிப்பு ஆண்டாக எடுத்துக்கொண்டு, இத்தனை பழைய சிலிண்டரை ஏற்க முடியாது என்றார். அது ஆபத்தான சரக்குகளுக்கு ஐநா தரும் எண் என்று விளக்கி முடித்ததும், பாதுகாப்புத் தரவுத்தாள் ஆங்கிலத்தில் இருப்பதாகச் சொல்லித் திருப்பியனுப்பினார். தீவின் தலைநகரான சான் தெனியில் வசிக்கும் புதுச்சேரி அக்கா ஒருவர்தான், "தம்பி, வித்தவங்ககிட்டயே கேளு, பிரெஞ்சுத் தாள் அவங்க கையில இருக்கும்" என்று வழி காட்டினார். அப்படியே கிடைத்தது.

வான்வெளி அனுமதியிலும் ஹீலியத்திலும் சிக்கலில்லை. 2,160 மீட்டர் உயரத்திலுள்ள மாய்தோ ஆய்வகத்தில் பகல் ஏறஏற மேகம் மேலேறி வந்துவிடும். இரவில் விடுவதே நல்லது. கருவியில் ஆர்-23 திரவத்தை நிரப்பும்போது குழாய் வெண்மையாகப் பூத்து, கையுறையின் விரல்நுனிகள் அதில் ஒட்டிக்கொண்டன. நிரப்பியபின் காத்திருக்காதீர்கள், திரவம் கொதித்துக் குறைந்துகொண்டே இருக்கும்.

முதல் பறப்பு வீணானது. உறைநிலைக்குக் கீழேயும் உறையாமல் மேகத்தில் மிதக்கும் நீர்த்துளிகள் கருவியின் நுழைகுழாயில் உறைந்து, உயரே போனபின் ஆவியாகி, நம்ப முடியாத எண்களைத் தந்தன. பலூனின் தோலும் ஈரத்தைச் சுமந்து செல்லும் என்பதால் பலூனையும் கருவியையும் இணைக்கும் கயிற்றின் நீளத்தில் சிக்கனம் வேண்டாம். பலூனை வெடிக்கவிடாமல் வால்வு வழியே வாயுவை மெல்ல வெளியேற்றி இறக்கினால், பலூனுக்கு முன்பாகக் கருவி புதிய காற்றுக்குள் இறங்கும். அந்தத் தரவையே நான் நம்புவேன்.

ஆனாலும் பெரிய எண்களையெல்லாம் பிழையென்று தள்ளிவிட முடியாது. 2022 ஜனவரியில் டோங்கா எரிமலை அடுக்குமண்டலத்துக்குள், அதாவது மேகங்களுக்கு மேலுள்ள வறண்ட காற்றடுக்குக்குள், கொட்டிய நீராவியை, இதே மலையிலிருந்து விட்ட பலூன்களும் சில நாட்களுக்குள் அளந்தன. ஏறும்போது கண்ட நீராவிப் படலம் இறங்கும்போதும் ஏறத்தாழ அதே உயரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். எங்கள் அடுத்த பறப்பில் அப்படி எந்தப் படலமும் இல்லை. ஏறுகோடும் இறங்குகோடும் 25 கிலோமீட்டர் வரை ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தன.