ஆச்சி எண்ணாத சுவடிகள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் சேற்றை வழித்துப் போட்டுவிட்டுத் தாத்தாவின் அலமாரியைத் திறந்தேன். அவர் நாட்டு வைத்தியர். கீழ்த்தட்டில் இருந்த ஏடுகள் ஊறிப்போய், ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகக் கிடந்தன. நகத்தால் பிரித்தால் ஓலையின் தோல் எழுத்தோடு உரிந்து வந்தது. அப்படியே நிழலில் காற்றாட வைத்து, நாலைந்து நாள் கழித்துத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். கயிறு அறுந்து சில ஏடுகள் வாசல் வழியே போயிருக்கவும் கூடும்.

"மொத்தம் எத்தனை கட்டு ஆச்சி இருந்துச்சு?"

"அத யாருலே எண்ணிப் பாத்தா?" என்றாள்.

அந்தப் பதில் மனசைவிட்டுப் போகவில்லை. 1981இல் யாழ்ப்பாணம் நூலகத்தோடு எரிந்த சுவடிகளை நினைத்தேன். போர் வந்தால் மற்ற நாட்டுக்காரர்கள் இதையெல்லாம் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று தேடித் தேடி வாசித்தேன்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் கடைசியில், 1939 பிப்ரவரியில், மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தின் ஓவியங்களும் மற்றக் கலைப்பொருட்களும் 71 லாரிகளில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டின. அங்கிருந்து ரயிலில் ஜெனிவா போயின. பல நாட்டு அருங்காட்சியகங்கள் சேர்ந்து அமைத்த குழுதான் இதற்குத் துணை நின்றது. பிராடோ ஓவியங்கள் அதே வருஷம் மாட்ரிட் திரும்பிவிட்டன.

உக்ரைன் அருங்காட்சியகங்களுக்கு 2022இல் போலந்திலிருந்தும், போர் நடக்கும் இடங்களில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க ஜெனிவாவில் இருக்கும் அலிஃப் அறக்கட்டளை மூலமாகவும் போன உதவியைப் பாருங்கள்: பெட்டிகள், பொருட்களைச் சுற்றிக் கட்டும் சாமான்கள், தீயணைப்புக் கருவிகள், ஜெனரேட்டர்கள். குண்டு விழும்போது ஒரு காப்பாளருக்கு வேண்டியது இவைதான். கேட்டதை, கேட்ட நேரத்தில் அனுப்பியவர்களைக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் அதே உக்ரைனில் ஹெர்சோன் நகரத்துக் கலை அருங்காட்சியகத்தைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருஷம் நவம்பரில் ரஷ்யப் படை ஊரைவிட்டுப் போகும் முன், ஆயிரக்கணக்கான படைப்புகளை லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். கிரிமியாவில் சிம்ஃபெரோபோல் அருங்காட்சியகத்தில் எடுத்த படங்களைப் பார்த்து, "இது எங்களுது, இதுவும் எங்களுது" என்று ஊழியர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லி வருகிறார்கள். பட்டியல் அவர்கள் கையில் இருக்கிறது, அதனால் முடிகிறது.

ஆதிச்சநல்லூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே தோண்டி எடுத்ததை அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் பட்டியலிட்டு 1915இல் அச்சில் கொண்டுவந்தார். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம் எங்கள் மண்ணில் கிடைத்தது என்று இன்றைக்கும் விரல் வைத்துச் சொல்லலாம்.

சரி, எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒன்பது கட்டு. போன வாரம் ஒவ்வொன்றின் கயிற்றிலும் ஒரு எண் கட்டினேன். ஏடுகளை எண்ணி நோட்டில் எழுதி, முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் படம் எடுத்தேன். நோட்டின் நகல் ஒன்று சென்னையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறது. இன்னொன்றைப் பாளையங்கோட்டையில் சித்தப்பா பீரோவில் வைத்திருக்கிறேன், மாடியில்.