சுவரில் படிந்திருந்த வெள்ளைத் தூள்

"எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லாத வருத்தம் எனக்கு மட்டும் ஏனடா வந்தது?" மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் எங்கள் பெரியம்மா கேட்ட இக்கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரை மரபணு மாற்றங்களால் வருபவை 5 முதல் 10 சதவீதம் மட்டுமே.

தம்பலகாமத்தில் அவரது சிறுவயதில், மலேரியாவுக்கு மருந்தடிப்பவர்கள் வரும் நாளில் சட்டிபானைகளை எல்லாம் முற்றத்துக்கு எடுத்துவிடுவார்களாம். டி.டி.ரி. என்ற அந்த நுளம்பு மருந்து காய்ந்து வெள்ளையாகப் படிந்த சுவரில் விரலால் மயில் வரைந்ததை இன்றும் சிரித்தபடி சொல்கிறார். அதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் 1959 முதல் 1967 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்துப் பாதுகாத்த இரத்தத்தை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், 14 வயதுக்கு முன்னரே அம்மருந்துக்கு ஆளாகி, இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்த பெண்களுக்கு, 50 வயதுக்குள் இந்நோய் வரும் ஆபத்து ஐந்து மடங்காக இருந்தது.

அந்த இரத்தத்தைப் பாதுகாத்த குளிரூட்டிக்கு நாற்பது ஆண்டுகள் யாரோ பணம் கட்டியதால் கிடைத்த விடை அது. அதே மாநிலம் 1993இல் சிகரெட் பெட்டிக்கு 2 சதம் வரி விதித்து, அதில் ஒரு பங்கை மார்பகப் புற்றுநோய் ஆய்வுக்கு ஒதுக்கியது. இங்கு இலங்கையிலும் சிகரெட்டுக்கு வரி இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான ஒக்டோபர் மாத இளஞ்சிவப்பு நடைபவனிகளை நான் குறைசொல்லவில்லை (நானும் நடந்தவன்தான்). இங்குள்ள சிகரெட் வரியில் ஒரு சிறு பங்கேனும் கிண்ணியா, மூதூர் வயல்களில் பூச்சிமருந்து வாடையில் வேலைசெய்யும் பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேமிக்க ஒதுக்கப்பட வேண்டும் என்றே கேட்கிறேன்.