குள்ள மீன்கொத்தி வீட்டு வாசலில் ஒரு காத்திருப்பு

எங்கள் அத்தானுக்கு மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பை செம்பூர் வீட்டில் கால் தங்காது. மும்பை–கோவா நெடுஞ்சாலையில் பன்வேலைத் தாண்டி இருக்கும் கர்னாலா காட்டுப் பக்கம், ஜூன் மாத மழையோடு குள்ள மீன்கொத்திகள் கூடு கட்ட வந்துவிடும் என்பதே காரணம். ஓரியண்டல் ட்வார்ஃப் கிங்ஃபிஷர் என்ற அதன் முழுப் பெயரை அவர் சொல்லவே மாட்டார். "ஓ.டி.கே.எஃப். வந்தாச்சு" என்று அவர் கைப்பேசியில் பேசுவதைக் கேட்பவர்கள், ஏதோ வங்கிக் கடன் வந்துவிட்டது என்று நினைத்து அவரை வாழ்த்துவதும் உண்டு.

இந்த ஆண்டு குடை பிடிக்கும் உத்தியோகத்திற்கு என்னையும் அழைத்துப் போனார். (குடை எனக்கல்ல, கேமராவுக்கு.) ஓடையிலிருந்து சற்றுத் தள்ளி, நிழலடர்ந்த மண்சரிவு ஒன்றில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து இருந்தது. ஆணும் பெண்ணுமாக அலகால் மண்ணைக் கொத்திக் குடைந்து, சில சமயம் ஒரு மீட்டர் ஆழம் வரைகூடப் போய், அதன் கோடியில் முட்டையிடுமாம். அந்தப் பொந்தைக் குறிவைத்து, பீரங்கி போன்ற லென்சுகளுடன் ஒரு படையே மழையில் உட்கார்ந்திருந்தது. கொசுக்களுக்கு அன்று கல்யாணச் சாப்பாடு.

பறவை வந்தது. அலகையும் சேர்த்து அளந்தாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும் உடம்பு, இருபது கிராமைத் தாண்டாத எடை. ஆனால் பவள அலகு, மஞ்சள் வயிறு, கருநீல முதுகு, ஊதா மினுங்கும் செம்மஞ்சள் தலை என்று பட்டுப்புடவைக் கடையின் மொத்த நிறங்களையும் அது போர்த்தியிருந்தது. மீன்கொத்தி என்று பெயர் வாங்கிக்கொண்டு அது கொண்டுவந்ததோ ஓர் அரணை! குஞ்சு விழுங்க வசதியாக அரணையின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடித்தபடி, தாழ்ந்த கிளையில் அமர்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டியது. பொந்துக்குள் மட்டும் போகவில்லை. படையில் இருந்தவர்களுக்கு அது அழகாகப் போஸ் கொடுப்பதாகத் தோன்றியது. ஷட்டர்கள் படபடவென்று முழங்கின.

எங்களுக்கு வழிகாட்டிய உள்ளூர்ப் பையன்தான் பொறுமை இழந்தான். "நீங்கள் அதன் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அது எப்படி உள்ளே போகும்? உள்ளே பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன" என்று மராத்தியில் அதட்டினான். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவிகளைத் தூக்கிக்கொண்டு, அதிகாரிகளும் மருத்துவர்களுமாக இருந்த அந்தக் கூட்டம் சேற்றில் வழுக்கிப் பின்வாங்கி ஒரு புதருக்குப் பின்னால் ஒடுங்கியதுதான் தாமதம், ஒரு நீலக் கீற்று பொந்துக்குள் பாய்ந்து, அரணையைக் கொடுத்துவிட்டு, வந்த வேகத்திலேயே வெளியேறிவிட்டது. அத்தான் அப்போது லென்சில் தெறித்திருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கடைசியில் எடுத்த படத்தில் பொந்து மட்டும் மிகத் துல்லியமாக விழுந்திருந்தது. அதை அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா உடனே பதில் அனுப்பினார்: "சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள் மாப்பிள்ளை, வாடகை வீடானாலும் எலியை வளர விடக்கூடாது."