ஆழித்தேரும் திருச்சி பெல்லும்

திருவாரூர் ஆழித்தேர் என்றால் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் கீழே குனிந்து சக்கரத்தைப் பார்க்கிற ஆள்.

அலங்கரித்த பிறகு 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை. இதைத் தாங்கும் இரும்புச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவேலை. அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்கிற தொழிற்சாலை அது! 1948க்குப் பிறகு ஓடாமல் நின்றுவிட்ட தேர், 1970ல் மறுபடி வீதிக்கு வந்தது. ஹைட்ராலிக் பிரேக்கும் பெல்தான்.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் பெரும்பாடு. உருள ஆரம்பித்த 300 டன், வடத்தை விட்டுவிட்டால் நின்றுவிடுமா என்ன? பிரேக் வந்தும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை போகவில்லை. தேருக்கு ஸ்டியரிங் கிடையாதே. எந்தச் சக்கரத்துக்கு அடியில், எந்தக் கோணத்தில் கட்டையைச் செருகினால் தேர் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது அவர்கள் கைக்குத்தான் தெரியும். உருளுகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையைப் போட்டுவிட்டு, சட்டென்று விலகவும் வேண்டும். பார்க்கிற நமக்கே வயிற்றைக் கலக்கும்.

வீதி முனையில் இன்னொரு வித்தை. இரும்புத் தகடுகளைப் போட்டு, மேலே கிரீஸைத் தடவி, அதன்மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் தேரைத் திருப்புகிறார்கள். உராய்வைக் குறைப்பது பற்றி வகுப்பில் படித்ததெல்லாம் அங்கே கண்முன்னால் நடக்கும். பின்னாலிருந்து புல்டோசரும் தள்ளும், அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அடுத்த முறை போனால் அந்த வீதி முனையில் இடம் பிடித்து நில்லுங்கள்.