தங்கைக்குத் தொலைந்துபோன நேரங்கள்

"அக்கா, நேத்து சாயங்காலம் நான் எங்க இருந்தேன்?" என்று தங்கை கேட்டபோது விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கைப்பையில் திண்டுக்கல் போய் வந்த பஸ் டிக்கெட் கிடந்தது. போனதும் நினைவில்லை, வந்ததும் நினைவில்லை. மளிகைக் கணக்கு நோட்டில் அவள் கையெழுத்துக்குக் கீழே, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோலக் குண்டு குண்டாக இன்னொரு எழுத்து.

அத்தை கோடாங்கியிடம் கூட்டிப்போகச் சொன்னார். உடுக்கைச் சத்தத்தில் இன்னும் மிரண்டுபோனாள். வலிப்பாக இருக்குமோ என்று மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தோம், அதில் ஒன்றுமில்லை. முதலில் பார்த்த மனநல மருத்துவர் பத்தே நிமிடத்தில் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்றார். மாத்திரையில் நாளெல்லாம் தூங்கினாள், மறதி மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது மருத்துவர் மறதியைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார், உளவியலாளரிடமும் அனுப்பினார். நான்கு மாதம் பேசிய பிறகுதான் டிஐடி, அதாவது விலகல் அடையாளக் கோளாறு என்றார்கள். 'பன்முக ஆளுமை' என்ற பழைய பெயரை 1994-லேயே மாற்றிவிட்டார்களாம். ஓர் உடம்பில் பல ஆட்கள் குடியிருப்பதில்லை. சின்ன வயதில் தாங்கமுடியாததைத் தாங்குவதற்காக ஒரே மனம் ஒன்றுசேராமல் துண்டுதுண்டாக நின்றுவிடுகிறது. மனச்சிதைவு முற்றிலும் வேறு நோய். ஆறு வயதில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை எழுத மாட்டேன், அது அவளுடையது.

"சினிமால வர்ற மாதிரி யாரையாவது வெட்டிருவாளா?" என்று சித்தப்பா கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் காயப்படுத்தியது தன்னை மட்டும்தான். மனதின் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முகம் கோணாது, கண் சிவக்காது. பார்வை ஒரு நொடி எங்கோ நிற்கும், துப்பட்டா நுனியைச் சுருட்டுவாள், குரல் கொஞ்சம் மெலியும். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் கொடுத்தார்கள், மற்றதெல்லாம் பேச்சு சிகிச்சைதான். பழசைக் கிளறவே இல்லை. முதல் வருடம் முழுக்கப் பத்திரமாக இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மனம் நழுவும்போது ஐஸ் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்றைய தேதியையும் எதிரே தெரியும் பொருட்களையும் வாய்விட்டுச் சொல்வாள்.

மூன்றாவது வருடம் இது. போன வாரம் நோட்டில் அவள் எழுதியிருந்தாள்: "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம், பயப்படாத." கீழே குண்டு எழுத்தில்: "அக்கா வருவாளா?"

"வருவேன்" என்று எழுதி வைத்தேன்.